மூழ்கிய கிராமத்தின் மீது பறக்கும் பட்டங்கள்

இத்தாலியின் வட எல்லையில், ஒஸ்திரியாவும் சுவிற்சர்லாந்தும் வந்து சந்திக்கின்ற மூலைக்கு அருகில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீற்றர் உயரத்தில் ஓர் ஏரி இருக்கின்றது. ஜேர்மன் மொழியில் அதனை ரெஷென் ஏரி என்பார்கள். இத்தாலிய மொழியில் அதற்கு ரேசியா ஏரி என்று பெயர். அதன் கரைக்குச் சற்று அப்பால், நீருக்குள்ளிருந்து ஒரு தேவாலயத்தின் மணிக்கோபுரம் தனித்து எழுந்து நிற்கின்றது. தேவாலயத்தைக் காணவில்லை. அதனைச் சூழ்ந்திருந்த வீடுகளையும் காணவில்லை. 14ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அந்தக் கோபுரம் மாத்திரமே எஞ்சியிருக்கின்றது.

குளிர்காலத்தில் அந்த ஏரி உறைந்து விடும். ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நீளமான வெண்ணிறத் திடலாக அது மாறும். மலைக்கணவாயினூடாக இடையறாது வீசுகின்ற காற்றும் உண்டு. அந்தக் காற்றைத் தேடி ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மனிதர்கள் வருகின்றார்கள். கால்களில் பனிச்சறுக்குப் பலகைகளையும் இடுப்பில் ஒரு கச்சையையும் கட்டிக் கொண்டு, அந்தக் கச்சையுடன் பிணைத்த பெரும் பட்டங்களை வானில் ஏற்றி, பனியின் மேல் விரைந்து செல்கின்றார்கள். 'ஸ்னோகைட்டிங்' என்று சொல்லப்படும் இந்த விளையாட்டை நாம் பனிப்பட்டச் சவாரி என்று அழைக்கலாம். ஒரே நேரத்தில் பல வண்ணப் பட்டங்கள் அந்தக் கோபுரத்தைச் சுற்றி வட்டமிடும் காட்சி இன்று சுற்றுலாத்துறையின் புகைப்படங்களில் பிரபலமானது. சர்வதேசப் போட்டிகளும் அங்கு நடந்திருக்கின்றன.

அந்தப் புகைப்படங்களைப் பார்க்கின்ற எவருக்கும் இரண்டு கேள்விகள் எழுதல் வேண்டும். இந்தப் பட்டங்கள் இங்கு எவ்வாறு வந்தன என்பது ஒன்று. இந்த ஏரி இங்கு எவ்வாறு வந்தது என்பது மற்றையது. முதலாவது கேள்விக்கான பதில் மகிழ்ச்சியான ஒரு வரலாறு. இரண்டாவதற்கான பதில் அப்படிப்பட்டதல்ல. இரண்டும் ஒரே பனிப்படலத்தின் மீது சந்திக்கின்றன என்பதனாலேயே இந்தக் கட்டுரை.

* * *

பட்டத்தைக் கொண்டு மனிதனை இழுக்கலாம் என்ற எண்ணம் புதியதல்ல. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரும் மின்னலை ஆராய்ந்தவருமான பென்ஜமின் பிராங்ளின், பொஸ்டன் நகரில் தமது சிறுவயதில் செய்த ஒரு காரியத்தை 1773 இல் ஒரு பிரெஞ்சு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கின்றார். ஒரு குளக்கரையில் பட்டம் விட்டுக் கொண்டிருந்த சிறுவனுக்கு நீந்தவும் ஆசை வந்தது. பட்டத்தையும் விட மனமில்லை. நூல் கட்டிய தடியைக் கையில் பற்றியபடி நீரில் மல்லாந்து கிடந்தபோது பட்டம் தன்னை இழுத்துச் செல்வதை அவன் உணர்ந்தான். தனது உடைகளைச் சுற்றுவழியால் மறுகரைக்குக் கொண்டு வருமாறு இன்னொரு சிறுவனிடம் சொல்லிவிட்டு, சிறிதும் களைப்பின்றிக் குளத்தைக் கடந்தான். இவ்வாறே ஆங்கிலக் கால்வாயையும் கடக்கலாம், ஆனாலும் கப்பலில் போவதே வசதி என்று முதுமையில் அவர் வேடிக்கையாக எழுதினார்.

அந்தச் சிறுவனின் விளையாட்டை ஒரு தொழில்நுட்பமாக்க முயன்றவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் போகொக் என்ற பள்ளி ஆசிரியர். குதிரை இல்லாமல் பட்டங்களால் இழுக்கப்படும் ஒரு வண்டியை அமைத்து 1826 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 'ஷார்வொலன்ட்' என்பது அதன் பெயர். நான்கு நூல்களைக் கொண்டு பட்டத்தைத் திருப்பவும் அதன் இழுவையைக் கூட்டிக் குறைக்கவும் அவர் வழி கண்டிருந்தார். இன்றைய பனிப்பட்டங்களும் அடிப்படையில் இதே முறையிலேயே இயங்குகின்றன. அக்காலத்து இங்கிலாந்தின் சுங்கச்சாவடிகளில் வண்டியை இழுக்கும் விலங்குகளைக் கணக்கிட்டே வரி அறவிட்டார்கள். பட்டம் விலங்கல்ல என்பதால் போகொக்கின் வண்டிக்கு வரி இல்லை.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி. போகொக் தமது மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் அமர்த்திப் பட்டத்தின் மூலம் வானில் உயர்த்தியும் பரிசோதித்தார். அந்த மார்த்தாவின் மகனே கிரிக்கெட் உலகின் முதற் பெருநாயகனான டபிள்யூ. ஜி. கிரேஸ். அன்று நூல் அறுந்திருந்தால் கிரிக்கெட்டின் வரலாறும் வேறாகியிருக்கும்.

போகொக்கின் வண்டி அவருடனேயே மறைந்தது. புகையிரதம் வந்து விட்ட பின்னர் காற்றை நம்பி வீதியில் இறங்க யார் முன்வருவர்? அதன் பின்னரும் இந்த எண்ணம் இடையிடையே தலை தூக்கிக் கொண்டே இருந்தது. அமெரிக்காவில் பிறந்த சாமுவெல் கோடி என்பவர் பட்டங்களால் இழுக்கப்பட்ட சிறு படகில் 1903 நவம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிராங்ளினின் வேடிக்கைப் பேச்சை மெய்ப்பித்தார். உலகம் வியந்தது, பின்னர் மறந்தது.

பனியின் மேல் காற்றைப் பயன்படுத்தியோரும் இருந்தனர். நோர்வேயின் பிரிட்ஜொவ் நான்சென் 1888 இல் கிறீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தபோது, சறுக்குவண்டிகளை ஒன்றாகப் பிணைத்து அவற்றின் மேல் பாய் விரித்துக் காற்றின் உதவியைப் பெற்றார். தென்துருவப் பயணிகளும் இதனையே பின்பற்றினர். ஆயினும் தரையோடு ஒட்டிய பாய் வேறு, உயரத்தில் பறக்கும் பட்டம் வேறு. தரையை அண்டிய காற்று மலைகளிலும் மேடுகளிலும் மோதி வலுக்குன்றும். உயரே செல்லச் செல்ல அது வலுவாகவும் சீராகவும் வீசும். பட்டம் அந்தக் காற்றை எட்டிப் பிடிக்கின்றது. அது மட்டுமன்றி, பட்டத்தை எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் வானில் அங்குமிங்கும் செலுத்தினால் அதன் சொந்த வேகமும் காற்றின் வேகத்துடன் சேர்ந்து இழுவையைப் பெருக்குகின்றது.

ஆனால் அத்தகைய பட்டத்துக்கு உறுதியான, அதே வேளையில் மென்மையான ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அதற்கான வழியை இரண்டு கண்டுபிடிப்புகள் திறந்தன. அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் ரொகலோவும் அவரது மனைவி கேர்ட்ரூடும் 1948 இல் சட்டங்கள் இல்லாத துணிச் சிறகு ஒன்றை உருவாக்கினார்கள். முதல் மாதிரிக்குச் சமையலறைத் திரைச்சீலையையே அவர்கள் பயன்படுத்தினர். 1964 இல் டொமினா ஜல்பேர்ட் என்பவர், முன்புறத் திறப்புகளினூடாகக் காற்றை உள்ளே வாங்கி, விமானச் சிறகின் வடிவத்தைத் தானே பெற்றுக் கொள்ளும் துணிப்பட்டத்தை உருவாக்கினார். இன்று பரசூட் வீரர்கள் பயன்படுத்தும் சதுர வடிவப் பரசூட்டின் மூதாதை அதுவே. உறைந்த ஏரியின் மேல் பறக்கும் பல பட்டங்களின் மூதாதையும் அதுவே.

ஜேர்மனியரான டீட்டர் ஸ்ட்ராசில்லா 1960களில் பரசூட்டையும் பனிச்சறுக்கையும் இணைத்துப் பார்த்தார். 1982 இல் வூல்ஃப் பெரிங்கர் என்ற இன்னொரு ஜேர்மனியர் பனிச்சறுக்குக்கென்றே குறுகிய நூல்களைக் கொண்ட இழுவைச் சிறகை உருவாக்கத் தொடங்கினார். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஈரி நகரின் உறைந்த குடாவில், சில பனிச்சறுக்கு வீரர்கள் சதுரப் பரசூட்டின் நூல்களை மாற்றிக் கட்டி, காற்று வரும் திசையை நோக்கியே முன்னேறக் கற்றுக் கொண்டார்கள். அதே காலத்தில் விஸ்கொன்சின் மாநிலத்தின் உறைந்த ஏரியொன்றிலும் இவ்வாறான முயற்சி நடந்தது.

போகொக்கும் கோடியும் தனித்து நின்று செய்து மறைந்து போன காரியம், உறைந்த ஏரிகளில் மாத்திரம் ஏன் நிலைத்தது? இந்தக் கேள்வி முக்கியமானது. கடலில் பட்டம் வீழ்ந்தால் அது நனைந்து கனத்து விடும். மீண்டும் ஏற்றுவது அரிது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே பிரான்சின் பிரிட்டனியைச் சேர்ந்த லெகெய்நூ சகோதரர்கள் காற்றடைத்த குழாய்களைக் கொண்ட பட்டத்துக்கு 1984 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அது கடல் விளையாட்டாகப் பரவுவதற்கு 1990களின் பிற்பகுதி வரை செல்ல வேண்டியிருந்தது. பனியிலோ வீழ்ந்த பட்டம் உலர்ந்தே கிடக்கும், உதறி மீண்டும் ஏற்றலாம். வீழ்ந்த மனிதனும் எழுந்து நிற்கலாம். பனியில் உராய்வு குறைவு என்பதால் சிறிய பட்டமே போதும். மரங்களோ கட்டடங்களோ இல்லாத ஏரியின் மேல் காற்றும் குழம்பாமல் வீசும். ஆகவே தவறு செய்து தவறு செய்து கற்றுக் கொள்வதற்கு அதனைவிடச் சிறந்த பாடசாலை வேறில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. உறைந்த ஏரி எவரையும் தனியே விளையாட விடுவதில்லை. பட்டத்தை ஏற்றும் போது ஒருவர் பிடித்து நிற்பது நல்லது. பனிக்கட்டியின் தடிப்பைத் துளையிட்டு அளக்க வேண்டும். ஒருவர் நடப்பதற்கே ஆகக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பான தெளிந்த பனிக்கட்டி தேவை என்பது பொதுவான விதி. ஓடை வந்து சேருமிடத்தில் பனி மெலிந்திருக்கும். நேற்றுப் பார்த்தவர் இன்று வருபவருக்குச் சொல்ல வேண்டும். பனி உடைந்து நீரில் வீழ்ந்தால் பற்றி ஏறுவதற்கென இரண்டு கூரிய ஆணிகளைக் கழுத்தில் மாட்டிக் கொள்வதும் வழக்கம். காற்றின் வேகம் இரு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகும். அத்தகைய வேளையில் உடனே கழற்றிவிடும் பொறி இருந்தாலும், அருகில் ஒரு நண்பன் இருப்பதே பெரும் பாதுகாப்பு. இந்தத் தேவைகள்தாம் தனிமனித சாகசத்தை ஒரு சமூகத்தின் குளிர்காலப் பழக்கமாக மாற்றின.

துருவப் பயணிகளும் பயன் பெற்றார்கள். ரைன்ஹோல்ட் மெஸ்னரும் ஆர்வெட் ஃபூக்ஸும் 1989-90 பருவத்தில் அந்தாட்டிக்காவைக் கடந்தபோது காற்று அனுமதித்த இடங்களில் இழுவைப் பாய்களைப் பயன்படுத்தினார்கள். ஏறக்குறைய 2800 கிலோமீற்றரை 92 நாட்களில் அவர்கள் கடந்தனர். நோர்வேயின் பேர்கெ ஊஸ்லான்ட் 1996-97 இல் அதே கண்டத்தைத் தன்னந்தனியாக 64 நாட்களில் கடந்தார். அவரையும் காற்று இழுத்துச் சென்றது. இவர்களுள் மெஸ்னர் பிறந்து வளர்ந்தது தென் தைரோல் மாகாணத்தில். நாம் பேசுகின்ற ரெஷென் ஏரி அமைந்திருப்பதும் அதே மாகாணத்தில்தான். எனவே இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

* * *

தென் தைரோல் முதலாம் உலகப்போர் வரையில் ஒஸ்திரியாவின் பகுதி. அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலானோர் ஜேர்மன் மொழி பேசுபவர்கள். 1919 ஆம் ஆண்டின் சென் ஜேர்மன் உடன்படிக்கையின்படி அது இத்தாலிக்குக் கையளிக்கப்பட்டது. அந்த மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. முசோலினியின் ஆட்சி வந்ததும் நிலைமை மேலும் மோசமடைந்தது. 1923 முதல் பாடசாலைகளில் ஜேர்மன் மொழிக் கல்வி படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஊர்ப் பெயர்கள் இத்தாலிய மொழிக்கு மாற்றப்பட்டன. கிரவுன் என்ற கிராமம் குரோன் ஆயிற்று. பிள்ளைகளுக்குத் தாய்மொழியை எழுதப் படிக்கக் கற்பிப்பதற்காக வீடுகளிலும் களஞ்சியங்களிலும் இரகசிய வகுப்புகள் நடந்தன. நிலக்கீழ்ப் பள்ளிகள் என்ற பொருளில் அவற்றை மக்கள் அழைத்தார்கள். 1926 முதல் தெரிவு செய்யப்பட்ட ஊர்த் தலைவர்களின் இடத்தில் அரசு நியமித்த அதிகாரிகள் அமர்ந்தனர்.

கிரவுன் கிராமம் ரெஷென் கணவாயில் அமைந்திருந்தது. உரோமப் பேரரசின் காலத்து நெடுஞ்சாலையான வியா கிளோடியா ஒகுஸ்தா அவ்வழியாகவே சென்றது. கணவாயில் அடுத்தடுத்து மூன்று இயற்கை ஏரிகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த புல்நிலங்களே கால்நடைகளை வளர்த்த அந்த மக்களின் வாழ்வாதாரம். ஏரிகளின் நீர்மட்டத்தை 5 மீற்றர் உயர்த்தி மின்சாரம் பெறும் ஒரு திட்டம் 1920 இலேயே பேசப்பட்டது. அந்த அளவில் அது நடந்திருந்தால் கிராமம் தப்பியிருக்கும்.

1939-40 இல் மொன்டெகட்டினி என்ற பெரும் தொழிற்குழுமம் திட்டத்தை மாற்றியது. நீர்மட்டத்தை 22 மீற்றர் உயர்த்துவது புதிய யோசனை. மேலிரு ஏரிகளும் ஒன்றாகும். கிரவுன் முழுவதும் ரெஷென் கிராமத்தின் ஒரு பகுதியும் மூழ்கும். இது பற்றிய அறிவித்தல் கிரவுன் ஊராட்சி மன்றத்தில் ஒட்டப்பட்டது. அது இத்தாலிய மொழியில் இருந்தது. ஊரவர்களுள் அதனை வாசிக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். ஆட்சேபம் தெரிவிப்பதற்கான காலக்கெடு அமைதியாகக் கழிந்தது. சட்டப்படி எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மக்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. எவரும் ஆட்சேபிக்கவில்லை. கோப்பில் அவ்வாறுதான் இருக்கும்.

அந்த ஆண்டுகளில் ஊரவர்களின் கவனம் வேறொரு பெருந்துயரில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1939 இல் ஹிட்லரும் முசோலினியும் செய்து கொண்ட இணக்கப்பாட்டின்படி, தென் தைரோலின் ஜேர்மன் மொழி மக்கள் ஒன்றில் ஜேர்மனிக்குப் புலம்பெயர வேண்டும், அல்லது மொழியையும் அடையாளத்தையும் இழந்து இத்தாலியில் இருக்க வேண்டும். 86 சதவீதம் அளவிலானோர் வெளியேறுவதையே தெரிவு செய்தனர். ஏறக்குறைய 75,000 பேர் உண்மையிலேயே வெளியேறினர். போவதா இருப்பதா என்று குடும்பங்கள் பிளவுபட்டுக் கிடந்த வேளையில் மன்றத்துச் சுவரில் தொங்கிய அந்நிய மொழிக் காகிதத்தை யார் பார்த்திருப்பார்கள்? 1943 இல் அரசின் அனுமதி கிடைத்தது. போர் உக்கிரமடைந்ததனால் வேலைகள் தடைப்பட்டன.

போர் முடிந்தது. முசோலினி ஒழிந்தார். இத்தாலி குடியரசாயிற்று. 1946 செப்டெம்பரில் ஒஸ்திரியாவும் இத்தாலியும் செய்த ஒப்பந்தம் தென் தைரோல் மக்களுக்கு மொழியுரிமையையும் சுயாட்சியையும் வாக்களித்தது. கொடுங்காலம் கழிந்தது என்று கிரவுன் மக்கள் நம்பியிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் 1947 இல் அணை வேலைகள் மீண்டும் தொடங்கின. சர்வாதிகாரத்தின் கையொப்பத்தை ஜனநாயகம் இரத்துச் செய்யவில்லை. அதனைச் செல்லுபடியாகும் அனுமதியாகவே ஏற்றுக் கொண்டது.

பணம் எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதி. அது சுவிற்சர்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டுக்குக் குளிர்கால மின்சாரம் தேவையாக இருந்தது. தனது சொந்த மண்ணில், ரைன்வால்ட் பள்ளத்தாக்கில், ஸ்ப்லூகென் என்ற கிராமத்தை மூழ்கடித்து ஒரு பேரணை கட்டும் திட்டம் அங்கு முன்னரே இருந்தது. ஆனால் பள்ளத்தாக்கின் கிராமங்கள் 1942 இல் அதனை நிராகரித்தன. மாநில அரசு கிராமங்களின் பக்கம் நின்றது. 1946 இல் மத்திய அரசும் அந்த முடிவை உறுதிப்படுத்தியது. அணை கட்டப்படவில்லை. ஸ்ப்லூகென் இன்றும் அப்படியே இருக்கின்றது. அங்கு முடியாது போனதன் பின்னர், சுவிஸ் மூலதனம் மின்சாரத்துக்கு ஈடாக ரெஷென் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

இவ்விரு கிராமங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் அல்ப்ஸ் மலைக் கிராமங்கள். இரண்டிலும் பேசப்பட்டது ஜேர்மன் மொழியே. இரண்டிலும் இருந்தவர்கள் கால்நடை வளர்த்த எளிய மனிதர்கள். ஓர் ஊரில் கேள்வி மக்களுக்கு விளங்கும் மொழியில் கேட்கப்பட்டது, அவர்கள் சொன்ன 'இல்லை' என்ற பதிலும் மதிக்கப்பட்டது. மற்ற ஊரில் கேள்வி விளங்காத மொழியில் ஒட்டப்பட்டது, மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. ஒன்று வாழ்கின்றது. மற்றையது நீருக்குள் கிடக்கின்றது. வேறுபாடு இவ்வளவுதான்.

கிரவுன் மக்கள் போராடாமல் இருக்கவில்லை. பங்குத்தந்தை அல்பிரட் ரீப்பர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. உரோமாபுரிக்குச் சென்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடமே முறையிட்டார்கள். அனுதாபம் கிடைத்தது, அணை நிற்கவில்லை. 1950 ஜூலையில் தேவாலயத்தின் மணிகள் இறக்கப்பட்டன. ஒரு வாரத்தின் பின்னர் தேவாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மொத்தமாக 163 வீடுகள் அழிக்கப்பட்டன. 523 ஹெக்டேயர் விளைநிலமும் புல்வெளியும் நீருக்குள் சென்றன. பழமைச் சின்னம் என்ற காரணத்தினால் மணிக்கோபுரம் மாத்திரம் காப்பாற்றப்பட்டது. அறுநூறு ஆண்டுகள் வயதான கல்லுக்கு இருந்த பாதுகாப்பு அதனைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களுக்கு இருக்கவில்லை.

கிடைத்த இழப்பீடு சொற்பம். பலர் அவசரமாக அமைக்கப்பட்ட தற்காலிகக் குடில்களில் ஒதுங்கினார்கள். நிலமின்றி மாடு வளர்க்க முடியாது, மாடின்றி அங்கு வாழ முடியாது. பெரும்பாலான குடும்பங்கள் ஊரை விட்டே சென்றன. எஞ்சியோர் மேட்டு நிலத்தில் புதிய கிரவுனை அமைத்தார்கள். குளிர்கால இரவுகளில் நீருக்கடியிலிருந்து மணியோசை கேட்கின்றது என்று ஒரு கதை பிறந்தது. கோபுரத்தில் மணிகள் இல்லை என்பது கதையைச் சொன்னவர்களுக்கும் தெரியும். ஆயினும் அந்தக் கதை இன்றும் சொல்லப்படுகின்றது.

* * *

இப்போது மீண்டும் அந்தப் புகைப்படத்துக்கு வருவோம். கோபுரத்தைச் சுற்றிப் பறக்கின்ற பட்டங்கள். அவற்றின் கீழே பனிக்கட்டி. அதன் கீழே நீர். அதன் கீழே தகர்க்கப்பட்ட வீடுகளின் அத்திவாரங்கள்.

பட்டம் விடுபவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது என்பதே என் எண்ணம். அவர்கள் அணையைக் கட்டவில்லை. அவர்கள் தேடுவது காற்றையும் சமதளத்தையும் தோழமையையும்தான். இன்னுமொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புல்நிலங்களை இழந்த பள்ளத்தாக்குக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் வருமானம் தருகின்றார்கள். பனி உறைந்த நாட்களில் தங்கும் விடுதிகள் நிரம்புகின்றன. மூழ்கடிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், மூழ்கடித்த ஏரியினாலேயே வாழ வேண்டியிருக்கின்றது. வரலாறு அநீதியை இழைக்கும் போது அதனைத் தூய்மையாக இழைப்பதில்லை. பின்னால் வருபவர்களையும் அதன் பயனில் பங்காளிகளாக்கி விடுகின்றது.

ஆனால் அறியாமைக்கு மன்னிப்பு இல்லை. கோபுரம் ஒரு விநோதக் காட்சியாக மாத்திரம் பார்க்கப்படும் போது, அழிக்கப்பட்ட ஊர் இரண்டாவது தடவையாக அழிக்கப்படுகின்றது. இந்த நிலைமை அண்மைக்காலத்தில் ஓரளவு மாறியிருக்கின்றது. இத்தாலிய எழுத்தாளர் மார்கோ பல்சானோ கிரவுனின் கதையை நாவலாக 2018 இல் வெளியிட்டார். அது பல மொழிகளுக்குச் சென்றது. ஒரு காலத்தில் எந்த மொழியின் பெயரால் அந்த மக்கள் ஒடுக்கப்பட்டார்களோ அதே மொழியில் அவர்களின் துயரம் எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. 2021 இல் பராமரிப்பு வேலைகளுக்காக ஏரியின் நீர் குறைக்கப்பட்டபோது சுவர்களும் படிக்கட்டுகளும் நிலவறைகளும் வெளியே தெரிந்தன. மக்கள் அவற்றிடையே நடந்து சென்றார்கள். எழுபது ஆண்டுகளாக ஒரு கோபுரமாகச் சுருங்கியிருந்த ஊர், சில நாட்களுக்கு மீண்டும் ஊராகத் தெரிந்தது.

பட்டம் விடுபவர்களின் ஏரியும் நிரந்தரமானதல்ல. இது ஒரு நீர்த்தேக்கம் என்பதால் மின் உற்பத்திக்காகக் குளிர்காலத்தில் அதன் நீர்மட்டம் தாழ்கின்றது. மேலே உறைந்த பனிக்கட்டியும் அதனுடன் தாழ்ந்து, கரையோரங்களில் வெடித்துச் சரிகின்றது. எங்கு வெடிப்பு, எங்கு பலவீனம் என்று அறிந்தவர்களே பாதுகாப்பாக உள்ளே செல்ல முடியும். அத்துடன் வட கோளமெங்கும் ஏரிகள் முன்னரை விடப் பிந்தி உறைந்து முந்தி உருகுகின்றன. ஈரியின் குடாவிலும் விஸ்கொன்சின் ஏரிகளிலும் தொடங்கிய இந்தப் பொது மகிழ்ச்சியின் பருவம் எங்கும் குறுகி வருகின்றது. ஒரு நிலம் கையை விட்டுப் போவது எப்படியிருக்கும் என்பதைப் பனிப்பட்டக்காரர்களும் தங்களது சிறிய அளவில் உணரத் தொடங்கியிருக்கின்றார்கள். அந்த உணர்வு கீழே கிடப்பவர்களின் இழப்பைப் புரிந்து கொள்ளும் ஒரு வழியாக அமையுமாயின் நல்லது.

தென் தைரோல் மாகாணத்துக்கு 1972 இல் விரிவான சுயாட்சி கிடைத்தது. அரசின் அறிவித்தல்கள் அங்கு இத்தாலிய மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது இன்று சட்டம். பனிக்கட்டி மெலிந்திருக்கின்றது, உள்ளே செல்லாதீர்கள் என்று இன்று ஓர் அறிவித்தல் வைக்கப்படுமானால், விடுமுறைக்கு வந்தவனும் ஊரவனும் அதனைத் தத்தமது மொழியில் வாசித்துத் தன்னைக் காத்துக் கொள்ளலாம். 1940 இல் அந்த ஊராட்சி மன்றச் சுவரிலும் இரண்டு மொழிகளில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தால், அதன் கீழே எத்தனை ஆட்சேபங்கள் எழுதப்பட்டிருக்கும்! அவை அணையைத் தடுத்திருக்குமா என்பது வேறு விடயம். ஆனால், எவரும் ஆட்சேபிக்கவில்லை என்று கோப்பில் எழுத எவராலும் முடிந்திருக்காது.